வில்வண்டியும் புல்லட்டும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, போடிநாயக்கனூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் முந்தலில் போய் நில்லுங்கள். டீக்கடை வாசலில் பைக்குகள் வரிசையாக வந்து நிற்கும். உள்ளூர்க்காரர்களின் டிஎன் 60, மதுரை, கோவை, சென்னை நம்பர்கள்... நடுவே ஒன்றிரண்டு பெங்களூரு வண்டிகள். எல்லோருக்கும் ஒரே திசைதான். போடிமெட்டு, அங்கிருந்து மூணாறு.

வண்டியை விட்டு இறங்கியதும் அவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். எதிரே வானத்தை மறைத்துக்கொண்டு மலை நிற்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, 'ஸ்ஸ்... அம்மா!' என்று பின்பக்கமாக வளைகிறார்கள்!

அடுத்தது, பேச்சு. 'மச்சான், உன் வண்டி எப்படிடா? முதுகு வலிக்கலையா?' நீண்ட பயணத்துக்குச் சொகுசான பைக் எது? இந்தக் கேள்விக்கு வயது என்ன தெரியுமா? மோட்டார் சைக்கிளின் வயதேதான்!

இதை நான் ஏதோ பொழுதுபோகாமல் கேட்கவில்லை. எனக்கும் இதே மலையில் ஒரு பாடம் நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு, பார்த்ததும் மயங்கி ஒரு பைக் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், குற்றம் என்னுடையது. போஸ்டரில் பார்த்த அழகுக்காக வாங்கிய வண்டி அது. ஹேண்டில்பார் தாழ்வாக, முன்னால் தள்ளி இருக்கும். ஓட்டுகிறவன் குதிரைப் பந்தய ஜாக்கி மாதிரி குனிந்தே இருக்க வேண்டும். மதுரையிலிருந்து மூணாறு போய், அன்றைக்கே திரும்புவது என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் போடிமெட்டிலிருந்து இறங்குகிறேன். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு ஜீப். ஏலத்தோட்டத்தில் வேலை முடித்து போடிக்குத் திரும்பும் பெண்கள் பின்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வளைவில், கீழிருந்து லாரி ஏறி வர, ஜீப் சட்டென்று நின்றது. நானும் பிரேக்கைப் பிடித்தேன். அதாவது, பிடித்ததாக நினைத்தேன். விரல்கள் கேட்கவில்லை! ஆறேழு மணி நேரம் உடம்பு எடையை எல்லாம் மணிக்கட்டில் சுமந்ததில், கை மரத்துப்போயிருந்தது.

ஜீப்பில் இருந்த பெண்கள் அலறிக்கொண்டு கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வண்டி ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். 'என்ன தம்பி, பிரேக் பிடிக்கலையா?'

'பிரேக் பிடிக்குதுண்ணே... கைதான் பிடிக்கலை.'

அவர் என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். திட்டவில்லை. ஆனால், ஜீப்பில் கடைசியாக உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா கேட்டார்: 'ஏய்யா, பெரிய வண்டி வச்சிருக்கே, சரி. நாங்க வீடு போய்ச் சேர வேணாமா?'

அன்றிலிருந்து 'சொகுசு' என்ற வார்த்தைக்கு எனக்கு அர்த்தமே மாறிப்போனது. அது ஆடம்பரம் அல்ல. களைத்துப்போன உடம்பு வளைவில் தப்பு செய்யும். ஓட்டுகிறவனைக் களைக்கவிடாத வண்டிதான் சொகுசு வண்டி.

சரி, வரலாற்றுக்குள் போவோம்.

* * *

1885. ஜெர்மனி. காட்லிப் டெய்ம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் சேர்ந்து, பெட்ரோலில் ஓடும் முதல் இரு சக்கர வண்டியை உருவாக்கினார்கள். மரச்சட்டம், மரச்சக்கரம், சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை. விழாமல் இருக்க இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரங்கள். அரை குதிரைத்திறன் இன்ஜின், நேராக சீட்டுக்கு அடியில்! டெய்ம்லரின் மகன் பால் அதை ஓட்டிப் பார்த்தபோது, இன்ஜின் சூட்டில் சீட் தீப்பிடித்துக்கொண்டது என்று சொல்வார்கள். ஆக, மோட்டார் சைக்கிள் உலகின் முதல் புகாரே, 'உட்கார முடியலை' என்பதுதான்!

அடுத்த ஐம்பது, அறுபது வருஷங்களுக்கு இன்ஜின் வேகமாக வளர்ந்தது. சவாரி செய்பவனின் முதுகைப் பற்றி அந்த அளவுக்குக் கவலைப்பட்டவர்கள் குறைவு. முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வந்துவிட்டது. 1935-ல் பிஎம்டபிள்யூ, உள்ளே எண்ணெய் நிரப்பிய குழாய் வடிவ ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. பின் சக்கரம்? பெரும்பாலான வண்டிகளில் அது சட்டத்தோடு இறுக்கி முடுக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் சக்கரம் விழுந்தால், அடி நேராக முதுகுத்தண்டுக்கு! நடுவில் தடுப்பதற்கு இருந்தது, சைக்கிளில் இருப்பதுபோல சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங் மட்டும்தான்.

இது நம் ஊருக்குப் புரியாத விஷயமா என்ன? கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே ஒரு காலத்தில் இரண்டு ஜாதி வண்டிகள் ஓடின. ஒன்று, மொட்டை வண்டி. அச்சுமேல் நேராகப் பலகை. நெல் மூட்டைக்கும் எருவுக்கும் அது போதும். ஏழை ஜனங்களும் அதில்தான் வைக்கோலைப் பரப்பி உட்கார்ந்து திருவிழாவுக்குப் போனார்கள். இன்னொன்று, வில்வண்டி. அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே, வில்லைப்போல வளைத்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு. பெரிய வீட்டுக்காரர்களுக்கானது அது. மாடும் அதேதான், ரோடும் அதேதான். இறங்கும்போது ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார், இன்னொருத்தர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு இறங்குவார். நடுவில் இருந்தது அந்த வில் மட்டும்தான்!

மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்துக்கு அந்த 'வில்' வந்த கதைதான், நம்மை நேராகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

* * *

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம் ஊசி தயாரிப்புக்குப் பேர்போனது. அங்கேதான் ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1932-ல் 'புல்லட்' என்ற பெயரில் ஒரு வண்டியை லண்டன் கண்காட்சியில் காட்டியது. பெயர் என்னவோ புல்லட். அதன் பின் சக்கரமும் மற்ற வண்டிகளைப்போல மொட்டை வண்டிச் சக்கரம்தான்.

யுத்தம் முடிந்தது. 1948-ல் புதிய புல்லட்டின் மாதிரி வண்டி வந்தது. பின் சக்கரத்தை ஒரு கதவு கீல்போல மேலும் கீழும் அசையும் கையில் பொருத்தி, இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வைத்திருந்தார்கள். இந்த யோசனையை அதற்கு முன்பே வேறு சிலரும் முயன்று பார்த்ததுண்டு. என்றாலும், கரடுமுரடான பாதைப் போட்டிகளுக்குப் பின் சக்கரம் ஆடாமல் இறுக்கமாக இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. அதே வருஷம் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில், வெற்றிபெற்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டை ஓட்டியவர்களுக்கும் தங்கப் பதக்கம்! ஆறு நாள் காடு மேடெல்லாம் ஓட்டியும் ஆளும் வண்டியும் முழுசாகத் திரும்பினார்கள். சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொண்டால் முதுகும் பிழைக்கும், வண்டியும் வழுக்காது என்று ஊருக்குப் புரிந்தது.

மறுவருஷம், 1949-ல், சென்னையில் கே.ஆர்.சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ், 350 சிசி புல்லட்டை இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. 1952-ல் இந்திய ராணுவத்திடமிருந்து ஆர்டர் வந்தது.

ராணுவத்துக்கு என்ன தேவை? அழகா? வேகமா? ஒரு சிப்பாய் ரோடே இல்லாத எல்லையோரம் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். இறங்கியதும் உடம்பு வேலை செய்ய வேண்டும். வண்டி நின்றுபோனால், கையில் இருக்கும் ஸ்பேனரை வைத்து அவனே சரிசெய்ய வேண்டும். யோசித்துப் பாருங்கள், நீண்ட பயணம் போகிற எவருக்கும் தேவை இதுதானே!

1953-ல் வந்திறங்கிய வண்டிகள் ராணுவத்துக்குப் பிடித்துப்போயின. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இடம், திருவொற்றியூர். 1956 முடிவதற்குள் அங்கே உருவானவை 163 புல்லட்டுகள். வெறும் 163!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இங்கிலாந்தில் 1962-ல் புல்லட் நின்றது. 1970-ல் கம்பெனியே படுத்துவிட்டது. வேகமான, பளபளப்பான வண்டிகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. திருவொற்றியூரில் மட்டும் அந்தப் பழைய வண்டி 'டப்... டப்... டப்' என்று பிறந்துகொண்டே இருந்தது. 1977-ல் அதே புல்லட், சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது!

நம் பக்கத்துக் கிராமங்களில் அது போலீஸ்காரர் வண்டி, எஸ்டேட் சூப்பர்வைசர் வண்டி, தோட்டம் துரவு உள்ளவர்கள் வண்டி. சத்தத்தை வைத்தே, வருவது யார் என்று திண்ணையில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். வில்வண்டி நின்ற கொட்டகையில் புல்லட் வந்து நின்றது என்று சொன்னால் தப்பில்லை.

* * *

'அப்படின்னா புல்லட்டே வாங்கிடலாமா சார்?' என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்!

புல்லட்டுக்கு ஒரு பழைய நோய் உண்டு, அதிர்வு. ஒற்றை சிலிண்டர், பெரிய பிஸ்டன். அது மேலே போய்த் திரும்பும்போதும் கீழே வந்து திரும்பும்போதும் ஒரு குலுக்கல். நிதானமாக ஓட்டினால் தாலாட்டு. விரட்டினால் விரல் நுனியில் எறும்பு ஊறும். இதற்கு மருந்து, இன்ஜினுக்குள் எதிர்த்திசையில் சுற்றும் ஒரு எடை. பாலன்ஸர் ஷாஃப்ட் என்பார்கள். காரில் இது நூறு வருஷத்துக்கும் மேலான யோசனை. ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டிகளுக்கு அது 2020-ல், மீட்டியார் மாடலோடுதான் வந்து சேர்ந்தது. பழைய புல்லட் பிரியர்கள் 'அந்த உதறல்தான்யா உயிரே!' என்று இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் வழக்கமாகப் போகிற தூரம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பிறகு நம்புங்கள்.

உலகம் சுற்றியவர்கள் எதை ஓட்டினார்கள்? 1912-ல் கார்ல் கிளான்ஸி என்ற அமெரிக்கர், நான்கு சிலிண்டர் ஹெண்டர்சன் வண்டியில் கிளம்பி, இலங்கை உள்படப் பல நாடுகளைச் சுற்றி 1913-ல் ஊர் திரும்பினார். மோட்டார் சைக்கிளில் முதலில் உலகைச் சுற்றியவராக அவரைச் சொல்கிறார்கள். 1952-ல் சே குவேரா தன் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவோடு தென் அமெரிக்காவைப் பார்க்கப் புறப்பட்டது, ஒரு பழைய நார்ட்டன் 500-ல். வண்டிக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'வல்லமையுள்ளவள்' என்று அர்த்தம். அந்த வல்லமை சிலி நாட்டோடு முடிந்தது. மிச்சப் பயணம் லாரியிலும் கப்பலிலும்!

எனக்குப் பிடித்தவர் டெட் சைமன். பிரிட்டிஷ் பத்திரிகையாளர். நாற்பது வயதுக்கு மேல், இந்தப் பயணத்துக்காகவே பைக் ஓட்டக் கற்றுக்கொண்டவர். 1973-ல் கிளம்பி, நான்கு வருஷத்தில் இந்தியா உள்பட நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், ஒரு லட்சம் கிலோமீட்டர். வண்டி, 500 சிசி ட்ரையம்ப். அதைவிட வேகமான வண்டிகள் அன்றைக்கே இருந்தன. 2001-ல், எழுபதை நெருங்கும் வயதில் அதே பாதையில் மறுபடி கிளம்பினார். இந்த முறை எடுத்தது, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பிஎம்டபிள்யூ ஆர்80 ஜிஎஸ். அவருக்கு வயது ஏறியிருந்தது, வண்டியின் ஹேண்டில்பாரும் ஏறியிருந்தது!

* * *

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஷோரூமில் வண்டிமேல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்து முடிவுசெய்யாதீர்கள். அது பெண் பார்க்கும் படலத்தில் கொடுக்கும் காபி மாதிரி. அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும்!

மூன்று இடங்களைப் பாருங்கள். கை, பின்பக்கம், பாதம். இந்த மூன்றும்தான் உங்கள் எடையைப் பங்குபோட்டுக்கொள்ளும். குனிந்து ஓட்டும் வண்டியில் கைக்குப் பாரம் கூடிவிடும், என் கதைதான். காலை முன்னால் நீட்டி, சாய்ந்து ஓட்டும் வண்டியில் மொத்த எடையும் இடுப்புக்கே போகும். ரோட்டில் குழி வந்தால் காலை ஊன்றி எழும்பிக்கொள்ளவும் முடியாது. அரண்மனை நாற்காலி மாதிரி தோன்றும் அதுதான் நூறாவது கிலோமீட்டரில் படுத்தி எடுக்கும். முதுகு நிமிர்ந்து, முழங்கை லேசாக மடங்கி, பாதம் ஏறக்குறைய இடுப்புக்குக் கீழே வருகிற மாதிரி இருந்தால், பாதி முதுகுவலி அங்கேயே போய்விட்டது.

சீட்டை விரலால் அமுக்கிப் பார்த்து 'பஞ்சு மாதிரி இருக்கே!' என்று மயங்காதீர்கள். மெத்தென்ற நுரை ஒரு மணி நேரத்தில் அமுங்கிப்போகும். அதற்கப்புறம் உங்கள் எலும்பும் அடித்தகடும் நேரடிப் பேச்சுவார்த்தைதான்! அகலமாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும் சீட்தான் நாள் முழுக்கத் தாங்கும். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா என்பது அதைவிட முக்கியம். கொண்டை ஊசி வளைவில், பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது இன்ஜின் இல்லை, கால்!

எடையையும் யோசியுங்கள். இன்றைய புல்லட் 200 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நேர் ரோட்டில் அந்தக் கனம் வரம். ஆடி மாசத்தில், மலைக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேல்காற்று ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறதே, அந்தக் காற்றில் லேசான வண்டிகள் தள்ளாடும். கனமான வண்டி நிதானமாகப் போகும். ஆனால், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறிப் பாருங்கள். 18 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். பெயர்தான் பூ! அங்கே ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கனத்தைச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 சுமார் நூறு கிலோதான். அதை மலைக்காரர்கள் இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருப்பது ஏன் என்று அந்த வளைவுகளில் புரியும்.

இன்னொரு வண்டியைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, அதன் வாரிசான எக்ஸ்எல். சுருளிப்பட்டியில் திராட்சைப் பெட்டி, கூடலூரில் புல்லுக்கட்டு, கம்பத்தில் வாழைத்தார்... அது சுமக்காதது எதுவும் இல்லை. பெரிய பைக்கில் வரும் டூரிஸ்ட்டுகள் அதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஆனால், தினமும் விடிகாலையில் தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் மனுஷர் அதை ஏன் வைத்திருக்கிறார்? நிமிர்ந்த முதுகு, தரையில் ஊன்றும் கால், மடியாத மணிக்கட்டு. நின்றுபோனால், உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிடலாம். 1952-ல் ராணுவம் எதிர்பார்த்திருக்கக்கூடிய அதே பட்டியல்!

ஆக, நான் உங்களுக்கு ஒரு பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்கள் உயரம் எனக்குத் தெரியாது, போகிற ரோடும் தெரியாது. ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். வாங்க நினைக்கும் வண்டியை வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். ஒருநாள் கடன் வாங்குங்கள். தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று சமவெளியில் போங்கள். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறுங்கள். திரும்பி வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, போடிமெட்டுக்கும் ஏறி இறங்குங்கள். நேர் ரோடு, மலை, காற்று, வளைவு எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும்.

கடைசி வளைவு தாண்டி, முந்தலில் வண்டியை நிறுத்துங்கள். பிரேக்கைப் பிடிக்கும் நான்கு விரல்களையும் மடக்கி நீட்டிப் பாருங்கள். சொன்னபடி கேட்கின்றனவா? அப்படியானால், அந்த வண்டியைத் தாராளமாக வாங்கலாம்.

கேட்கவில்லையா? எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் வேண்டாம். உங்களுக்கு முன்னால் ஒரு ஜீப் போய்க்கொண்டிருக்கும். அதில் இருக்கிறவர்களும் வீடு போய்ச் சேர வேண்டும்.